கனரகக் கட்டுமான எந்திரங்களின் சாலைப் போக்குவரத்து: இந்தியச் சட்டமும் அனுமதிகளும்

இந்தியாவில் கனரகக் கட்டுமான எந்திரங்களைச் சாலை வழியே கொண்டு செல்வது, 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்துக்கும், 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுக்கும், பாலங்கள் தாங்கவேண்டிய சுமையை வரையறுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) நெறிமுறைகளுக்கும் உட்பட்டது. முதல் இரண்டும் வண்டியின் எடையையும் அளவையும் கட்டுப்படுத்துகின்றன. மூன்றாவது, அந்த எடையைச் சுமக்கப்போகும் கட்டுமானத்தைப் பற்றியது. அனுமதி நடைமுறையின் சிக்கல்கள் பெரும்பாலும் வண்டிக்கான விதிகளும் கட்டுமானத்துக்கான நெறிமுறைகளும் சந்திக்கும் இடத்தில்தான் எழுகின்றன.

எந்திரங்களில் டயர் சக்கரங்களில் தாமே ஓடக்கூடியவை ஒரு வகை. ஜேசிபி என வழங்கும் பேக்ஹோ, மொபைல் கிரேன், மோட்டார் கிரேடர் போன்றவற்றை விதிகள் ‘கட்டுமானக் கருவி வாகனம்’ என்று குறிப்பிடுகின்றன. சாலையில் ஓடுவது இவற்றின் முதன்மைப் பணியன்று என்பதால், குறுகிய நேரத்துக்கு, மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகத்தில் செல்லும் போக்குவரத்து சாரா வாகனங்களாக இவை கருதப்படுகின்றன. பிற வாகனங்களுக்கு 2.6 மீட்டராக உள்ள அகல வரம்பு இவற்றுக்கு 3 மீட்டர் வரை தளர்த்தப்பட்டிருப்பினும், 2.6 மீட்டரை மிஞ்சும் பகுதியில் மஞ்சள், கறுப்புப் பட்டைகள் தீட்டி, இரவில் அடையாளம் தெரியச் சிவப்பு விளக்குகள் பொருத்தவேண்டும். கட்டுமான எந்திரங்கள் மோட்டார் வாகனங்களா என்ற கேள்வி நீதிமன்றங்களுக்கும் சென்றது. கேரளத்தின் நுழைவு வரி தொடர்பான வழக்கொன்றில், எக்ஸ்கவேட்டரும் ரோடு ரோலரும் மோட்டார் வாகனங்களே என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது.

இரும்புச் சங்கிலித் தடத்தில் நகரும் எக்ஸ்கவேட்டர், புல்டோசர் போன்றவை இரண்டாவது வகை. தார்ச்சாலையைப் பெயர்த்துவிடும் என்பதாலும் நடையின் வேகத்துக்கு மேல் அதிகம் செல்லாதவை என்பதாலும், இவற்றைத் தாழ்தள டிரெய்லரில், அதாவது தொழிலில் உள்ளோர் லோபெட் என்றழைக்கும் வண்டியில் ஏற்றியே கொண்டு செல்லவேண்டும். ஊர்தோறும் காணப்படும் 20 டன் எக்ஸ்கவேட்டரின் தட அகலம் ஏறத்தாழ 2.8 மீட்டர் என்பதைக் கருதினால், ராட்சத எந்திரங்கள் மட்டுமின்றி, கிணறும் குளமும் வெட்டும் சாதாரண எந்திரமும் டிரெய்லரில் ஏறிய கணமே விதியின் அகல வரம்பைக் கடந்துவிடுகிறது என்பது புலப்படும். இவ்வாறு பகுக்க இயலாத ஒரே பொருளாக ஏற்றப்பட்டு, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 93-ஆம் விதியிலுள்ள அளவுகளை மிஞ்சும் சரக்கு ‘அளவு மீறிய சரக்கு’ எனப்படும். பொருள் பகுக்க இயலாததாக இருப்பதே விலக்குக் கோருவதற்கான அடிப்படை.

எடையின் வரம்பு அச்சு வாரியாகக் கணக்கிடப்படுகிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு இவ்வரம்புகளை உயர்த்தியபோது, நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன்னாகவும், இரட்டை அச்சுக்கு 19 டன்னாக இருந்தது 21 டன்னாகவும், வண்டியின் அதிகபட்ச மொத்த எடை 49 டன்னிலிருந்து 55 டன்னாகவும் ஆயின. பதிவுச் சான்றிலுள்ள மொத்த எடையை மீறி ஓட்டுவதைச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஓட்டியவர் உரிமையாளர் அல்லர் எனில், உரிமையாளரின் அறிவோடோ உத்தரவின் பேரிலோதான் அது நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், 194-ஆம் பிரிவின்படி மிகை எடைக்கு 20,000 ரூபாயும், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். மிகையை இறக்கும்வரை வண்டி நகரக்கூடாது. சரக்கு பக்கவாட்டிலோ உயரத்திலோ அளவு கடந்து நீண்டிருந்தாலும் 20,000 ரூபாய்தான். ஆனால் மாநில அரசு அதிகாரமளித்த அலுவலர் குறிப்பிட்ட சரக்குக்கு விலக்களித்திருந்தால் இத்தண்டனை பொருந்தாது. அனுமதிச்சீட்டின் சட்ட வலிமை பெரிதும் இந்த விதிவிலக்கிலிருந்தே பிறக்கிறது.

அனுமதியின் உயிர்நாடி பாலமே. சாலையின் மேற்பரப்பு தாங்கும் எடையைக் குறுகிய கண்ணுடைய பழைய பாலம் தாங்காமல் போகலாம். இந்தியப் பாலங்கள் பொதுவாக 55.4 டன் கொண்ட ‘ஏ’ வகுப்புச் சுமைக்கும், சக்கர வண்டிக்கு 100 டன் கொண்ட ‘70 ஆர்’ வகுப்புச் சுமைக்கும் வடிவமைக்கப்படுகின்றன. இவற்றுக்கும் மேலான சுமைக்கென ஐ.ஆர்.சி. 6 நெறிமுறை ‘சிறப்பு வாகனம்’ ஒன்றை வகுத்துள்ளது: அச்சுக்கு 18 டன் வீதம் 20 அச்சுகள் கொண்ட ஹைட்ராலிக் டிரெய்லரும் 25 டன் இழுவை வண்டியும் சேர்ந்து 385 டன். இவ்வண்டி பாலத்தின் நடுவே, மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகத்தில் செல்லும் என்றும், அப்போது பாலத்தில் வேறு வண்டி இராது என்றும் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஆகவே பாலத்தில் நிறுத்தக்கூடாது, பிரேக் போடக்கூடாது என்பவை ஓட்டுநருக்கான வெற்று அறிவுரைகள் அல்ல. பாலத்தின் பாதுகாப்புக் கணக்கே அவற்றின் மீது நிற்கிறது.

வழியைப் பாலமே தீர்மானிக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டில் அறியப்பட்ட சான்று, கட்டுமான எந்திரமன்றி ஒரு கற்சிலையாகும். வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் வெட்டியெடுக்கப்பட்ட பெருமாள் சிலை, 240 சக்கர டிரெய்லரில் 2018 இறுதியில் புறப்பட்டு 2019 ஜூனில்தான் பெங்களூரை அடைந்தது. பாலம் தாங்காத இடத்தில் ஆற்றில் தற்காலிக மண்பாதை போட வேண்டியிருந்தது.

தேசிய நெடுஞ்சாலைகளில் இத்தகைய சரக்குக்கான விண்ணப்பத்தை மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இணையவழியில் பெறுகிறது. மாநிலச் சாலைகளுக்கு அந்தந்த மாநிலத்தின் நெடுஞ்சாலைத் துறையை அணுகவேண்டும். மின்மயமான இருப்புப்பாதையின் கடவுப்பாதையில் உயரமான சரக்கு செல்ல ரயில்வேயின் ஒப்புதல் தேவை. தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்த மின்கம்பி 5.8 மீட்டர் உயரத்திலும், உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டரிலும் இருக்கவேண்டும் என்பது விதியாயினும், தொய்ந்த கம்பிகள் ஏராளம் என்பதால், புறப்படுவதற்கு முன் வழி முழுவதையும் நேரில் அளந்து பார்ப்பதற்கு மாற்று எதுவுமில்லை. சரக்கு மற்றும் சேவை வரியின் மின்வழிச் சீட்டும் இந்த மெதுவான நடையை ஏற்கிறது: சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடியாகும் சீட்டு, அளவு மீறிய சரக்குக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள் எனக் கணக்கிடப்படுகிறது.

தேசிய நெடுஞ்சாலைப் பாலங்களின் விவரங்களைத் தொகுக்கும் இந்தியப் பாலங்கள் மேலாண்மை அமைப்பு 2016-இல் தொடங்கப்பட்டது. ஆனால் எந்திரங்கள் வேலைக்களத்தை அடையும் கடைசிச் சில கிலோமீட்டர்கள் பெரும்பாலும் மாவட்ட, ஊராட்சிச் சாலைகளே. அங்குள்ள சிறுபாலங்களின் தாங்குதிறனும் அதே போலப் பதிவாகி, முழு வழிக்கும் ஒரே அனுமதி என்ற முறை வரவேண்டும்.