வெளியே செல்லத் தயங்கும் நண்பருக்குத் துணை நிற்பது எப்படி?

கடைத்தெரு, பேருந்துப் பயணம், திருமண வீடு ஆகியவற்றைத் தவிர்த்து, சிலர் சிறிது சிறிதாக வீட்டுக்குள்ளேயே முடங்குவர். இது சோம்பலும் அன்று, திமிரும் அன்று. மனச்சோர்வு, திடீர்ப் பதற்றம், கூட்டத்தையும் வெளியிடங்களையும் குறித்த அச்சம் ஆகியவை இதற்குப் பொதுவான காரணங்கள். தலைச்சுற்றல், சிறுநீரை அடக்க இயலாமை, செவித்திறன் குறைவு போன்ற உடல் தொல்லைகளாலும் தயக்கம் ஏற்படலாம். எனவே, முதலில் காரணத்தைப் பொறுமையுடன் கேட்டறிதல் வேண்டும்.

தயக்கம் ஏன் வளர்கிறது?

அஞ்சும் இடத்தைத் தவிர்த்தவுடன் மனம் நிம்மதி அடைகிறது. அந்த நிம்மதியே அடுத்த முறையும் தவிர்க்கத் தூண்டுகிறது. வற்புறுத்தி அழைத்துச் சென்றால் அச்சம் கூடும். அவருடைய வெளிவேலைகள் அனைத்தையும் நாமே செய்துகொடுத்தால் தவிர்ப்பு நிலைபெறும். சிறு படிகளாக உடன் செல்வதே ஏற்ற வழி.

நீங்கள் செய்யக்கூடியவை

• எளிதான இடத்திலிருந்து தொடங்கவும்: முதலில் வாசல், பிறகு தெருமுனை, பிறகு தேநீர்க் கடை, அதன்பின் ஒரு நிறுத்தம் வரை பேருந்துப் பயணம். அடுத்த படியை அவரே தீர்மானிக்கட்டும்.
• ஒரு படி பழகும்வரை அதையே பல நாட்கள் செய்யவும். பின்னர் அவர் தனியே செல்லப் பழக உதவவும்.
• வழியில் பதற்றம் ஏற்பட்டால் ஓரமாக அமரச் செய்து, மெதுவாக மூச்சுவிடச் சொல்லவும். பெரும்பாலும் அது சில நிமிடங்களில் உச்சமடைந்து தானாகத் தணியும். தணிந்த பின்னர் வீடு திரும்புவது நல்லது.
• நெஞ்சுவலியோ கடும் மூச்சுத்திணறலோ ஏற்பட்டால், பதற்றம் என்று நாமே முடிவு செய்யாமல் 108 எண்ணை அழைக்கவும்.

தவிர்க்க வேண்டியவை

“உனக்கென்ன குறை?” என்று கேட்பதும், பிறர் முன்னிலையில் கேலி செய்வதும் கூடாது. துணிவுக்காக மது அருந்தவோ, மருத்துவர் பரிந்துரைக்காத தூக்க மாத்திரையை உட்கொள்ளவோ இடமளிக்கக் கூடாது.

எப்போது மருத்துவ உதவி தேவை?

சோர்வு, ஆர்வமின்மை, உறக்கக் குறைவு, பசியின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, காதில் குரல்கள் கேட்பதாகவோ தம்மைப் பிறர் கண்காணிப்பதாகவோ அவர் கூறினாலோ, மனநல மருத்துவரை அணுகவும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இச்சிகிச்சை கிடைக்கிறது. மருந்துகள் முழுப் பயன் தரச் சில வாரங்கள் ஆகலாம். மருத்துவரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம்.

மருத்துவமனைக்கு வரவும் அவர் தயங்கினால், வீட்டிலிருந்தே 14416 (டெலி மானஸ்) எண்ணை அழைக்கலாம். இச்சேவை 24 மணி நேரமும் இலவசம். அவர் பேச விரும்பாவிடில், நீங்கள் அழைத்து ஆலோசனை பெறலாம்.

வாழ்வதில் பயனில்லை என்று அவர் கூறினால், தற்கொலை எண்ணம் உள்ளதா என நேரடியாகக் கேட்கவும். அவ்வாறு கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டாது. அவரைத் தனியே விடாமல், பூச்சிக்கொல்லி, மாத்திரைகள் போன்றவற்றை அகற்றி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்.