சிலாங்கூர் ஆற்று நீர்வழங்கல்

சிலாங்கூர் ஆறு ஈஜோக்கை அடுத்த பெஸ்தாரி ஜெயா வழியாகக் கோலசிலாங்கூரில் கடலில் கலக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஆற்றிலிருந்து போகிறது. அதுவே இந்த நீர்வழங்கலின் பலவீனம். 2014 வறட்சியில் நீர்ப்பங்கீடு வந்தபோது, பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளின் நீரை ஆற்றில் இறைத்தார்கள். கன உலோகம் பற்றிய அச்சம் எழுந்தது, நியாயமாகவே. 2020 செப்டம்பரில் ரவாங் பகுதித் தொழிற்சாலைக் கழிவு சுங்கை கோங் வழியாக ஆற்றில் கலந்ததால், நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் நீர் நின்றது. அணைகள் வறட்சிக்கு உதவும். ஆற்றின் மேற்பகுதியில் கலக்கும் கழிவைத் தடுக்கா. இறைப்பு இயந்திரங்களுக்கு மின்சாரம் தடைப்பட்டாலும் குழாய் வறளும். ஆற்றில் நன்னீர் வரத்து குறைந்தால் கடலின் உப்புநீர் மேலேறி, கரையோரக் கம்போங் குவாந்தானில் மின்மினிகள் வாழும் பெரெம்பாங் மரங்களைப் பாதிக்கும்.