தேய்ந்து போன ராஜா தட்டுகள்

2020ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு இசைத்தட்டு ஒரு லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. நம்ம காசுக்குக் கிட்டத்தட்ட ஒரு கோடி ரூபாய். பெட்டி நிறையத் தட்டுகள் இல்லை மக்களே, ஒரே ஒரு ஏழு அங்குலத் தட்டு. பக்கத்துக்கு ஒரு பாட்டு. பாடியவர் ஃப்ராங்க் வில்சன் என்ற அமெரிக்கர். 1965இல் மோடவுன் கம்பெனி அச்சடித்தது. வில்சனுக்குப் பாடகராவதைவிடத் தயாரிப்பாளராக இருக்கத்தான் விருப்பம் என்று ஆனதும், அச்சடித்த தட்டுகளை அழித்துவிட்டார்கள். தப்பிப் பிழைத்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை.

அமெரிக்காவில் யாரும் கேட்காத இந்தப் பாட்டுக்கு உயிர் கொடுத்தது இங்கிலாந்தின் வடக்கு. மான்செஸ்டர், விகன் மாதிரி மில் ஊர்கள், ஆலை ஊர்கள். வாரம் முழுக்க வேலை செய்த இளைஞர்கள் சனிக்கிழமை ராத்திரி ஆரம்பித்து ஞாயிறு காலை வரை ஆடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது 1960களின் வேகமான கறுப்பினப் பாட்டுகள், அதுவும் விற்காமல் போன பாட்டுகள். இந்த ரசனைக்கு 'நார்தர்ன் சோல்' என்று பேர் வைத்தவர் டேவ் காடின். லண்டனில் தட்டுக் கடை வைத்திருந்தவர். ஃபுட்பால் பார்க்க வடக்கேயிருந்து வருகிற பையன்கள் இந்த வகைத் தட்டைத்தான் தேடுகிறார்கள் என்று கவனித்துச் சொன்ன பேர் அது. 1973 முதல் 1981 வரை நடந்த விகன் கேசினோதான் இந்த ஆட்டத்தின் மூலஸ்தானம். அங்கே சாராயம் கிடையாது, ஆட்டம் மட்டும்தான்!

அந்த டிஜேக்களின் ஒரு தில்லாலங்கடி வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அபூர்வமான தட்டு கையில் கிடைத்தால் லேபிள் மேல் காகிதத்தை ஒட்டி மறைத்து, வேறு பேரைச் சொல்லிப் போடுவார்கள். போட்டி டிஜே தேடிப் பிடித்துவிடக் கூடாதல்லவா? வில்சன் பாட்டே பல காலம் 'எடி ஃபாஸ்டர்' என்ற பேரில்தான் ஓடியது.

நிற்க. இதற்கும் தேனிக்கும் என்ன சம்பந்தம்?

தட்டைப் போட்டு விடிய விடிய ஆடும் பழக்கம் நமக்கும் இருந்தது. அதற்கு நாம் வைத்த பேரிலேயே தட்டு இருக்கிறது: ரிக்கார்டு டான்ஸ். கம்பம் பள்ளத்தாக்கில் சித்திரைத் திருவிழா பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மேடைகளில் ஓடிய தட்டுகளும் இன்றைக்கு அபூர்வம்தான். ஆனால் காரணம் நேர் எதிர். வில்சன் தட்டு யாரும் கேட்காததால் அபூர்வமானது. நம்ம ஊர்த் தட்டு எல்லோரும் கேட்டதால் அபூர்வமானது. தேய்த்தே தீர்த்துவிட்டோம்.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றலாம். உத்தமபாளையம் பக்கம் பண்ணைப்புரம். அங்கே பிறந்த பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். தம்பிகளையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1958இல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளம் இடைத்தேர்தலுக்கும் போய்த் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் முன்னால் பாடினார்கள். அந்தத் தம்பிகளில் ஒருவர் 1968இல் சென்னைக்குப் போய், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, 1976இல் 'அன்னக்கிளி' மூலம் இளையராஜா ஆனார். இது எல்லோருக்கும் தெரிந்த கதை, நீட்டவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். திறந்தவெளியில், கட்டிய குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே நிற்கும் கூட்டத்துக்குப் பாடி வளர்ந்தவர் அவர்.

அந்தக் குழாய்க்குத்தான் அவருடைய தட்டுகளும் போய்ச் சேர்ந்தன. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கோயில் கொடை, எதுவாக இருந்தாலும் முதல் நாளே மைக் செட்டு வந்து இறங்கிவிடும். ஆம்ப்ளிஃபயர், பேட்டரி, வேப்ப மரத்தில் ஒன்றும் தெருமுனையில் ஒன்றுமாக இரண்டு குழாய், ஒரு தகரப் பெட்டி நிறையத் தட்டு. மைக் செட்டு அண்ணன்தான் நம்ம ஊர் டிஜே. விடிந்ததும் சாமி பாட்டு, அப்புறம் எம்.ஜி.ஆர்., சிவாஜி, பொழுது சாயும்போது புதுப்படம் என்று அவர் கணக்கே தனி. சின்னப் பசங்களுக்கு அவர் பக்கத்தில் உட்கார இடம் கிடைப்பதே பெரிய கௌரவம்.

தட்டு தேய்ந்த விதத்தைப் பாருங்கள். தட்டில் உள்ள வரிப்பள்ளத்தில் முள் ஓடித்தான் பாட்டு வருகிறது. முள்ளுக்கு ஆயுள் சில நூறு மணி நேரம். அதற்கு மேல் முனை மழுங்கி, பள்ளத்தையே சுரண்ட ஆரம்பித்துவிடும். திருவிழாவில் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் செட்டுக்குச் சில நூறு மணி எத்தனை நாள் தாங்கும்? புது முள் வாங்கக் காசு வேண்டும், மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். அதனால் ஓடும்வரை ஓட்டு! பக்கத்தில் சனம் ஆடினால் தரை அதிரும், முள் எகிறும். எகிறாமல் இருக்க முள் பிடிக்கும் கையின் தலையில் ஒரு நாலணாக் காசை ஒட்டி வைப்பார்கள். பாட்டு தாவாது, ஆனால் அந்த எடை முழுக்கத் தட்டின் மேல்தான் இறங்கும். இதோடு செம்மண் புழுதியையும் சித்திரை வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் கிடந்த தட்டு அப்பளம் மாதிரி நெளியும். மச்சானைத் தேடுகிற பாட்டு எத்தனை ஆயிரம் தடவை ஓடியிருக்கும் என்று யார் கணக்கு வைத்தார்கள்?

பிறகு கேசட் காலம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருக்கும். பிடித்த பாட்டுகளைப் பேப்பரில் எழுதிக்கொடுத்தால், கடைக்காரர் தட்டிலிருந்து டிடிகே அறுபதிலோ தொண்ணூறிலோ பதிந்து தருவார். அவர் தட்டைப் பொத்திப் பொத்தித்தான் வைத்திருப்பார். ஆனாலும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அதே தட்டு திரும்ப ஓட வேண்டுமே! கேசட் வந்ததும் மைக் செட்டுக்காரர்கள் தட்டுப் பெட்டியைப் பரணில் போட்டார்கள். 1990களில் புதுப்படப் பாட்டு தட்டாக வருவதே ஏறக்குறைய நின்றுபோனது. பரணில் கிடந்தது பழைய பேப்பர்காரருக்குப் போயிற்று. கிலோ கணக்கில்.

இப்போது எனக்கு ரொம்பச் சுவாரசியமாகப் படும் மேட்டருக்கு வருகிறேன். குழாய் ஸ்பீக்கர் நடு சுருதியை மைல் கணக்கில் கொண்டுபோகும். மனிதக் குரல், நாயனம், புல்லாங்குழல் எல்லாம் கணீரென்று கேட்கும். அடி ஒலி அதில் வரவே வராது. ராஜா பாட்டை இன்றைக்கு ஹெட்போனில் கேட்பவர்கள் முதலில் வியப்பது எதை? பேஸ் கிட்டார். தனிப் பாட்டு மாதிரி கீழே ஓடிக்கொண்டிருக்கும் அந்த வரி. அவருடைய குழுவில் பேஸ் வாசித்தவர் சசிதரன். டிரம்ஸில் புருஷோத்தமன், கீபோர்டில் விஜி மானுவல். ஆக, கம்பம் பள்ளத்தாக்கு இந்தப் பாட்டுகளுக்கு வருஷக்கணக்கில் ஆடியது பேஸே கேட்காமல்! ஜானகியின் குரலையும் மேளத்தையும் வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் காலாலேயே போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். சினிமா தியேட்டருக்குப் போனவர்களுக்கு ஓரளவு கேட்டிருக்கும். மரத்தடியில் நின்றவருக்கு இல்லை.

வெளிநாட்டு டிஜேக்களைப் பிடித்து இழுத்ததோ அந்தக் கேட்காத பாதிதான். 2003இல் பிளாக் ஐட் பீஸ் குழு தங்கள் 'எலிஃபங்க்' ஆல்பத்தில் ராஜாவின் இசைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். 1985இல் வந்த 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்தின் 'உனக்கும் எனக்கும்' பாட்டு அது. ரஜினியின் நூறாவது படம், பக்திப் படம்! மந்திராலய மகான் கதையிலிருந்து அமெரிக்க ஹிப்ஹாப்புக்கு ஒரு துண்டு போயிருக்கிறது. 2007இல் லண்டன் தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ. தன் 'கலா' ஆல்பத்தின் முதல் பாட்டில் 'தளபதி'யின் காட்டுக்குயிலைச் சேர்த்தார். அதற்குப் பிறகு முழுத் தொகுப்பாகவே 'சொல்லச் சொல்ல' என்ற பேரில் 1977 முதல் 1983 வரையிலான ராஜா பாட்டுகள் இசைத்தட்டாக வந்தன. வெளியிட்டது ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் கம்பெனி. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆண்டி வோட்டல் மான்செஸ்டர் பக்கத்து டிஜே. விற்காத தட்டைத் தேடி ஆடிய அதே வடக்கு இங்கிலாந்து! ஆடும் தலைமுறை மாறிவிட்டது, தேடும் பழக்கம் போகவில்லை.

இதோடு ஒப்பிட இன்னொரு இந்தியத் தட்டு இருக்கிறது. மும்பையின் சரண்ஜித் சிங் 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். எல்லாம் ரோலண்ட் கம்பெனிக் கருவிகள். யாரும் சீண்டவில்லை. 2002இல் எடோ பூமன் என்ற நெதர்லாந்துக்காரர் டெல்லியில் அதைக் கண்டெடுத்து, 2010இல் மறுபதிப்பு போட்டதும் உலகமே அசந்தது. சிகாகோவில் 1987வாக்கில் பிறந்த ஆசிட் ஹவுஸின் ஓசை இதில் முன்கூட்டியே இருக்கிறதே என்று. இதுதான் விகன் பாணி அபூர்வம். தோற்ற தட்டு, பிற்காலத்தில் ஜெயித்தது. ராஜா தட்டுகளை இதே வரிசையில் வைத்து, 'மறக்கப்பட்ட பொக்கிஷம்' என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. யார் மறந்தது? தேவாரத்தில் ஏதாவது டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள், தெரியும்.

ஆனால் அவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. விகன் ஆட்டக்காரர்கள் தங்கள் கதையைப் பதிந்து வைத்தார்கள். எந்த ராத்திரி, எந்த டிஜே, எந்தத் தட்டை முதலில் போட்டார் என்று புத்தகம் புத்தகமாக இருக்கிறது. நம்ம பக்கம்? ரிக்கார்டு டான்ஸ் என்றாலே போலீஸ் அனுமதி, ஆபாசம், தகராறு என்றுதான் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. 2004இல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகு, திருவிழா வந்தால் 'ஆடல் பாடல்' அனுமதி கேட்டு மனு போடுவது ஊர்களுக்குப் பழகிப்போன வேலை. இரட்டை அர்த்தம் கூடாது, எந்தச் சாதியையும் கட்சியையும் தொடும் பாட்டு கூடாது, குடித்துவிட்டு ஆடக் கூடாது என்று நிபந்தனைகளோடு அனுமதி வரும். அந்த உத்தரவுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. மேடையில் ஆடிய பெண்களின் பேர் எதிலும் இல்லை. தட்டு போட்டவர் பேரும் இல்லை. பெரும்பாலான பட இசைத்தட்டு உறைகளில் பேஸ் வாசித்தவர் பேர்கூட இல்லை. பாட்டு யாருக்குச் சொந்தம் என்பதற்கு மட்டும் வழக்கு உண்டு. ராஜாவுக்கும் எக்கோ கம்பெனிக்கும் நடந்த உரிமை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்புச் சொல்லி, அது மேல்முறையீட்டுக்கும் போனது.

கம்பம், சின்னமனூர், போடி பக்கத்து மக்களே, உங்கள் தெருவில் பழைய மைக் செட்டுக்காரர் யாராவது இன்னும் இருந்தால் ஒரு நடை போய்ப் பாருங்கள். தட்டு இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இருக்காது. எந்தத் திருவிழாவில் எந்தப் பாட்டுக்குக் கூட்டம் திரும்பத் திரும்பப் போடச் சொன்னது என்று கேளுங்கள். அது அவருக்குத் தேதியோடு ஞாபகம் இருக்கும்.