கேள் என்னும் வினை: அவையும் தலைமையும்



சில ஆண்டுகளுக்கு முன், இந்நகரில் மாலை வேளையில் தமிழ் வகுப்பு நடத்திய சிறு குழு ஒன்றுக்கு நான் தலைவராக இருந்தேன். வகுப்பு நேரத்தை ஒரு மணி தள்ளி வைப்பதெனப் பேசி முடித்து, "யாருக்கும் மறுப்பில்லையே?" என்று கேட்டேன். எவரும் வாய் திறக்கவில்லை. ஒருமனதான தீர்மானம் என்று எழுதிக்கொண்டோம். இரண்டு மாதங்களில், பட்டர்வொர்த்திலிருந்து படகேறி வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டனர். அவர்கள் இருட்டிய பின் கடல் கடந்து திரும்புவதைப் பெற்றோர் விரும்பவில்லை. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த இளம் ஆசிரியை ஒருவருக்கு இது முன்பே தெரிந்திருந்தது. "சொல்லியிருக்கலாமே அம்மா" என்றேன். "நீங்கள் கேட்கவில்லையே ஐயா" என்றார்.

மொழியியல் கற்ற எனக்கு அவ்விடை உறைத்தது. "மறுப்பில்லையே" என்பதன் ஈற்றில் நிற்கும் ஏகாரம், விடையைத் தானே முடிவு செய்துகொண்டு எதிரிலிருப்போரின் இசைவை மட்டும் எதிர்பார்ப்பது. வடிவத்தால் அது வினா; பயனால் அது கதவடைப்பு. தமிழில் 'கேள்' என்னும் ஒரே வினை, வினவுதலையும் செவிகொடுத்தலையும் குறிக்கிறது. நான் முதற்பொருளில் மட்டுமே கேட்டிருந்தேன். திருக்குறள் 'கேள்வி' என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலின் அரசியல் பகுதியில் வைத்திருப்பது இங்கு எண்ணத்தக்கது. செவிகொடுத்தல் ஆள்வோனுக்குரிய தகுதிகளுள் ஒன்றாகவே அங்குக் கொள்ளப்பட்டது.

அடங்கிய குரலுக்கு இடமளிப்பது தலைவரின் இரக்கத்தைச் சார்ந்ததா, அவையின் விதியைச் சார்ந்ததா என்பதே இவ்வுரை எழுப்பும் வினா. விடை தேட நம் கல்வெட்டுகள் உதவுகின்றன.

திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த மானூரில், ஏறத்தாழ கி.பி. 800ஆம் ஆண்டளவில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று ஊர்ச்சபையின் நடைமுறையை வகுக்கிறது. முன்வைக்கப்படும் ஒவ்வொன்றுக்கும் 'அன்று' என மறுத்துச் சபையின் பணியைத் தடுப்போரும், அவர்க்குத் துணைநிற்போரும் ஐந்து காசு தண்டம் செலுத்த வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. ஓங்கிய குரல் ஒன்று அவை முழுவதையும் முடக்கிவிடலாம் என்பதை அவ்வூரார் பட்டறிந்திருக்க வேண்டும். எனினும் இவ்விதி இருமுனைக் கத்தி. தடைசெய்வோரை அடக்கும் தண்டம், நேர்மையாக மாறுபடுவோரையும் அச்சுறுத்தக்கூடும்.

உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட விதிகள் வேறு வழியை நாடின. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். எழுத்தறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். எடுத்த பெயர் அவையில் உரக்கப் படிக்கப்பட்டது. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர்க்கும், கணக்குக் காட்டாதவர்க்கும் இடமில்லை. இம்முறையில் பேச்சு வன்மையால் பதவி பெற இயலாது. கூச்சமுடையவரின் ஓலைக்கும் குடத்தில் அதே இடம் உண்டு.

ஆயினும் பெருமை பேசும்போது உண்மையை மறைத்தல் கூடாது. வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையோர்க்கே அக்குடம் திறந்திருந்தது. உழுதவர் குரலும் பெண்டிர் குரலும் அதற்கு வெளியே நின்றன.

அவ்வாறு வெளியே நின்றவர்களின் வழித்தோன்றல்களுள் பலர், ஆயிரம் ஆண்டுகள் கழித்து நம் பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கினர். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறியோர், ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காப்பில் தங்கிய பின் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே அவர்களுக்கும் துரைக்கும் இடையே நின்றவர் கங்காணி. அச்சொல் 'கண்காணி' என்பதன் திரிபு. வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே அவர் தலைகளை எண்ணினார். தொழிலாளியின் குறை அவர் வாய்வழியாகவே மேலே செல்ல வேண்டியிருந்தது. கண்ணால் காணும் தலைமைக்குப் பெயர் இருந்தது. காதால் கேட்கும் தலைமைக்கு அங்குப் பெயரே இல்லை.

விடுதலைக்குப் பின் தோட்டங்கள் விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டபோது, வேலையோடு வீட்டையும் இழக்க நின்றோரின் அச்சம் வெளியே கேட்கவில்லை. துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று அம்மக்களைச் சந்தித்தார். 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. தொழிலாளர் தம் கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்திய பணம் தோட்டங்களை வாங்கும் முதலாயிற்று. பொருளளவில் அது பெருஞ்செயல். அவை மரபின் நோக்கில் அதனினும் பெரிது ஒன்றுண்டு. பங்கு எத்தனை ஆயினும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவு நெறி. உத்திரமேரூர்க் குடம் யாருக்கு மூடியிருந்ததோ, அந்நிலமற்றோர்க்கு இந்நெறி கதவைத் திறந்தது.

எனினும் வாக்குரிமை வேறு, வாய் திறக்கும் துணிவு வேறு. முன்னதை விதி தருகிறது. பின்னதற்குத் தலைவரின் பழக்கம் வேண்டும். நம் சங்கங்களில் தலைவர் முதலில் பேசுகிறார், மூத்தோர் வழிமொழிகின்றனர், இளையோரும் பெண்களும் தேநீர் வேளையில் தமக்குள் பேசிக்கொள்கின்றனர். 'மௌனம் சம்மதம்' என்னும் பழமொழியை நாம் வசதியாக நம்பிவிட்டோம்.

அந்த ஆசிரியையின் விடைக்குப் பின் எங்கள் குழுவில் மூன்று வழக்கங்களைக் கொண்டோம். தலைவர் இறுதியில் பேசுவது; முடிவெடுக்கும் முன் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வினவுவது; பேசத் தயங்குவோர் எழுதித் தரத் தாள் வைப்பது. கூட்டங்கள் சற்று நீண்டன. வகுப்பு நேரம் பழையபடி மாறிற்று. படகேறி வரும் பிள்ளைகளுள் சிலர் திரும்பி வந்தனர், சிலர் வரவேயில்லை. அவ்விழப்பு என் கணக்கில் நிற்கிறது.

ஆகவே, சங்கப் பொறுப்பிலுள்ளோர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் "மறுப்பில்லையே?" என்று வினவ நேரும்போது அந்த ஏகாரத்தை விட்டுவிடுங்கள். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கடைசி வரிசையைப் பார்த்துக் கேளுங்கள். கேட்டபின், கேளுங்கள்.