கரும்பாலையும் சுவிஸ் நாணயமும்: ஒரு வழக்கின் வரலாறு

கரும்பு விளையும் ரிஷிவந்தியம் வட்டாரம், 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் உருவாகும்வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்து முண்டியம்பாக்கத்தில் ஆலை நடத்திய ராஜஸ்ரீ சுகர்ஸ் நிறுவனத்துக்கும் ஆக்சிஸ் வங்கிக்கும் நடந்த வழக்கை, நாணய வணிகச் சட்டத்தைப் பயில்வோர் இன்றும் எடுத்துக்காட்டுகின்றனர்.

கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்நிறுவனம், 2004இல் வங்கியுடன் பொது ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டது. அதன்கீழ்ப் பல பரிவர்த்தனைகள் நடந்தன. 2007 ஜூனில் செய்த ஒன்று, அமெரிக்க டாலருக்கும் சுவிஸ் ஃபிராங்குக்கும் இடையிலான மாற்று விகிதத்தைச் சார்ந்த ‘ஆப்ஷன்’ ஆகும். டாலர் குறித்த எல்லைக்குக் கீழே வீழ்ந்தால் நிறுவனம் பெருந்தொகை இழக்க நேரும். உலக நிதி நெருக்கடி முற்றிய 2008 மார்ச்சில், வரலாற்றில் முதன்முறையாக ஒரு டாலரின் மதிப்பு ஒரு ஃபிராங்குக்கும் கீழே இறங்கியது.

நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. இது பந்தயமே, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 30ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று வாதிட்டது. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான வி. ராமசுப்பிரமணியன், 2008 அக்டோபர் 14 அன்று அவ்வாதத்தை ஏற்க மறுத்தார். வெல்வதும் தோற்பதும் தவிர வேறு நோக்கமே இரு தரப்புக்கும் இல்லாதபோதுதான் அது பந்தயம். இவ்வொப்பந்தம் அத்தகையதன்று என்பது அவர் முடிவின் சாரம். ஆகவே கையொப்பம் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தியது.

நாட்டுச் சட்டத்தின் விடை இது. நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. திருக்குர்ஆனின் 5:90ஆம் வசனம் சூதாட்டத்தைத் தடுக்கிறது. வெவ்வேறு இன நாணயங்களை விரும்பிய விகிதத்தில் மாற்றலாம். ஆனால் கைக்குக் கை மாற்ற வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். இக்காலச் சந்தைகளில் வழங்கும் ஆப்ஷன் ஒப்பந்தங்கள் ஆகுமானவையல்ல என்று 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. நட்டத்திலிருந்து காத்துக்கொள்ள நினைப்பது குற்றமன்று. அதற்குத் தேர்ந்தெடுக்கும் வழியே ஆராயத்தக்கது.

கணக்கரும் வழக்கறிஞரும் உடைய ஆலைக்கே இந்நிலை. இன்று கைப்பேசிச் செயலிகள் சில, அந்நியச் செலாவணி வணிகத்தில் எளிதாகச் சம்பாதிக்கலாம் என்று நம் பிள்ளைகளை அழைக்கின்றன. அங்கீகாரமற்ற தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 முதல் வெளியிட்டு வருகிறது. பணம் போடுமுன் அப்பட்டியலைப் பாருங்கள். உங்கள் ஊர் ஆலிமிடமும் கேளுங்கள்.