கையுறை எந்தப் பதிவேட்டில் வரும்?

தோழர்களே, நினைவுரை மேடையில் தரச்சான்றிதழைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கவிதையும் கதையும் பேசும் மன்றம் இது. ஆனால் நம் மக்களின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி ஒப்பந்தப் பத்திரங்களிலும் வருகைப் பதிவேடுகளிலும்தான் கிடக்கிறது. அதையும் நாம்தான் வாசித்தாக வேண்டும்.

ஐஎஸ்ஓ 14001 என்னும் சுற்றுச்சூழல் மேலாண்மைத் தரநிலை 1996-இல் வெளியானது. 1992-இல் வந்த பிரிட்டிஷ் தரநிலை பிஎஸ் 7750 அதற்கு முன்னோடி. ஒரு நிறுவனம் தன் வேலையால் மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் என்ன நேர்கிறது என்று தானே பட்டியல் போட வேண்டும். தனக்குப் பொருந்தும் சட்டங்களை எழுதிவைக்க வேண்டும். இலக்கு வைத்து, தணிக்கை செய்து, குறை கண்டால் திருத்த வேண்டும். இவ்வளவுதான் அதன் சாரம். இவ்வளவு மாசுக்கு மேல் கூடாது என்று அது எண் எதுவும் சொல்வதில்லை. முறை இருக்கிறதா, அந்த முறைப்படி நடக்கிறதா என்று பார்க்கிறது.

குப்பைத் தொழிலில் அந்தப் பட்டியல் எப்படி இருக்கும்? கிடங்கிலிருந்து கசியும் கழிவுநீர், மீத்தேன், துர்நாற்றம், லாரிப் புகை. குப்பையை அள்ளும் கை அதில் இருக்காது. தொழிலாளர் பாதுகாப்புக்கு ஐஎஸ்ஓ 45001 என்று வேறொரு தரநிலை 2018-இல் வந்துவிட்டது, அங்கே போய்க் கேளுங்கள் என்பார்கள். இந்தப் பதிலை நாம் ஏற்கத் தேவையில்லை. ஏன் என்பதற்கு நம் நாட்டுச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது.

2000-ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகள் கழிவைக் கையால் கையாளக் கூடாது என்றன. அடுத்த மூச்சிலேயே, தவிர்க்க முடியாவிட்டால் தொழிலாளர் பாதுகாப்பைக் கவனித்துச் செய்யலாம் என்றும் சொல்லிவிட்டன. அந்தத் 'தவிர்க்க முடியாவிட்டால்' என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு தலைமுறையே நின்று வேலை செய்தது. அதே 2000-இல்தான் சென்னையில் சில மண்டலங்களின் குப்பை அள்ளும் பணி ஓனிக்ஸ் நிறுவனத்துக்குப் போனது. பிறகு நிறுவனங்கள் மாறின, சீருடையின் நிறம் மாறியது. தெருவில் இறங்கியவர்கள் பெரும்பாலும் அதே அருந்ததியர், ஆதி ஆந்திரர், பறையர் குடும்பங்களின் பிள்ளைகள்தான். எந்த ஒப்பந்தத்திலும் சாதி எழுதப்படவில்லை. எழுதாமலே நடந்துவந்த ஏற்பாடு அது.

பின்னர் 2016 விதிகள் வந்தன. சீருடை, ஒளிரும் மேலங்கி, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் ஆகியவற்றைத் தொழிலாளருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று அவை பெயர் சொல்லிக் கூறின. கவனியுங்கள், இந்த இரண்டு விதிகளுமே தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்தவை அல்ல. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. அப்படியானால் கையுறை ஒரு சுற்றுச்சூழல் கடமை. 14001 சான்றிதழ் வாங்கிய ஒரு குப்பை நிறுவனம் தான் பின்பற்ற வேண்டிய சட்டங்களின் பட்டியலில் அதை எழுதித்தான் ஆக வேண்டும். கிழிந்த கையுறை மாற்றப்படாமல் இருந்தால் தணிக்கையில் அது குறைபாடாகப் பதிவாக வேண்டும்.

இதை நாம் வலியுறுத்தக் காரணம் உண்டு. நம்மவர்கள் குழிக்குள் செத்தபோதெல்லாம் "யாரும் இறங்கச் சொல்லவில்லை, அவராகவே இறங்கினார்" என்ற பேச்சைக் கேட்டிருக்கிறோம். மேஸ்திரியின் வாய்ச்சொல்லுக்குச் சாட்சி கிடையாது. யார் உத்தரவிட்டது, யார் பயிற்சி கொடுத்தது, கருவி எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று எழுதிவைக்கச் சொல்லும் எந்த முறையும் நமக்குப் பயன்படும். அது ஜெனீவாவிலிருந்து வந்தாலும் சரி. சான்றிதழ்களின் மேல் நமக்கு மயக்கம் இல்லை. சுவரில் மாட்ட மட்டும் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

2025 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் அமர்ந்தார்கள். நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். அந்த எதிர்ப்பில் நாம் அவர்களோடு இருக்கிறோம். நிரந்தரப் பணிக்கு எந்தச் சான்றிதழும் ஈடாகாது. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்ட ஊர்களில் நாளைக் காலை என்ன கேட்பது? 14001-இன் 2015 பதிப்பு, அக்கறையுள்ள தரப்பினரின் தேவைகளை நிறுவனம் அறிந்திருக்க வேண்டும் என்கிறது. தெருக் கூட்டுகிறவரைவிட அக்கறையுள்ள தரப்பு யார்? எனவே தணிக்கையாளர் வரும் தேதியைச் சங்கத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்லிக் கேட்போம். மேலாளர் இல்லாத இடத்தில் அவர் தொழிலாளர்களுடன் பேச வேண்டும். அவர் எழுதும் அறிக்கையின் தமிழ்ப் படி வார்டு அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும்.