ஊவா மலைநாட்டில் ஆணைச் சொற்கள்

ஆள்வோர் தம் விருப்பத்தை ஆளப்படுவோர்க்குத் தெரிவிக்கும் சொற்கள், அவ்விரு திறத்தாரிடையே நிலவிய உறவினை உள்ளவாறு காட்ட வல்லவை. கல்வெட்டும் செப்பேடும் இல்லாத இடத்து, மக்கள் வாயில் வழங்கும் இத்தகைய சொற்களே வரலாற்றுச் சான்றாகின்றன. பசறையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் பொறுத்தவரை இவ்வுண்மை பெரிதும் பொருந்தும்.

சோழர் காலத்தில் மன்னன் வாய்மொழியாக இட்ட ஆணை 'திருவாய்க்கேள்வி' எனப்பட்டது. அதனைத் 'திருமந்திர ஓலை' என்னும் அலுவலர் எழுத, 'புரவுவரித் திணைக்களம்' கணக்கிற் பதிந்தது. தமிழகம் இன்று 'துறை' என வழங்குமிடத்து, இலங்கைத் தமிழ் அப்பழஞ்சொல்லைத் 'திணைக்களம்' எனவே போற்றி வருகின்றது. தமிழகத்தார் அரசிதழ், சுற்றறிக்கை, அறிவிப்பு என்பவற்றை நாம் முறையே வர்த்தமானி, சுற்றுநிருபம், அறிவித்தல் என்கின்றோம். எனவே, நமது ஆட்சித்தமிழுக்குத் தனியானதொரு மரபு உண்டு எனலாம்.

ஆயின், அம்மரபு தோட்டத்து லயங்களை எட்டியதா என்பதே ஈண்டு எழும் வினா. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிடத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட மக்கள் அறிந்த அரசாணை வேறு. விடியுமுன் ஒலித்த தப்பே அவர்க்கு முரசு. பெரட்டுக்களமே அவர்க்கு அரசவை. துரையின் சொல் கணக்கப்பிள்ளை வாயிலாகக் கங்காணியை அடைந்து, அவர் வழியே தொழிலாளரை எட்டியது. தோட்டத்துக்குப் புதிதாக வந்த ஆங்கிலேயச் சின்னத்துரைமார்க்குத் தமிழ் கற்பிக்கக் கொழும்பில் வெளியான கைந்நூலொன்றின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். தமிழிலே பணிவுக்கும் மதிப்புக்கும் உரிய ஏவல் வடிவங்கள் பல இருக்க, மரியாதையற்ற ஒருமை ஏவலே அந்நூலின் முகப்பில் நின்றமை நோக்கற்பாலது.

வாய்ச்சொல்லினும் வலியது கடதாசி. கங்காணியின் கூட்டத்தார் பட்ட கடன் தீர்க்கப்படின் அவர்களை விடுவிக்க உடன்படுவதாகத் துரை எழுதிக்கொடுத்த சீட்டு 'துண்டு' எனப்பட்டது. அத்துண்டுடன் கங்காணி வேறு தோட்டம் நாடுவார். அத்தோட்டத்துத் துரை பணம் செலுத்தி ஆட்களைப் பெறுவார். கடன் பெருகுந்தோறும் தொழிலாளியின் கட்டும் இறுகியது. தமிழ்ச்சொல்லாகிய 'துண்டு' ஆங்கிலச் சட்டவாசகங்களிலும் இடம்பெற்றது. எனினும், அதில் எழுதப்பட்டதை வாசிக்க அத்தொழிலாளியால் இயலவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழித்தது. வேலைநீக்கத்தைக் குறித்த 'பத்துச்சீட்டு' என்னும் சொல்லோ அச்சத்தின் மறுபெயராகப் பின்னரும் நெடுங்காலம் நிலைத்தது.

நாடு விடுதலை பெற்றபின் ஆணையின் மொழிநடை மாறியது. தோட்டத்து ஏவலில் 'நீ' இருந்தான். சட்டத்தில் அவனும் இல்லை. 'செய்தல் வேண்டும்', 'கருதப்படுதல் வேண்டும்' என்னும் தொடர்கள் எவரையும் நேர்நின்று விளிப்பதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இத்தகைய உணர்ச்சியற்ற நடையிலேயே மலையக மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. தலைமுறைகளின் வாழ்வைத் தீர்மானித்த அவ்வாணை உருவானபோது அம்மக்களின் சம்மதம் கேட்கப்படவில்லை.

1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1999இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் பல பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. சட்டம் இவ்வாறாயினும், தமிழறிந்த அலுவலர் இல்லாத பணிமனையில் அவ்வறிவித்தல் சுவரில் தொங்கும் பலகையளவிலேயே நின்றுவிடும்.

ஆணை மக்களைச் சேர்தல் என்பது மொழிபெயர்ப்போடு முடிவதுமன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் ஊவாவின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டன. அவ்விடம் அபாயமானது எனத் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது; ஆயின், குடிபெயர்வதற்கு நிலமும் வீடும் உரிய காலத்தில் வழங்கப்படவில்லை. 'வெளியேறுக' என்னும் சொல், செல்லுமிடம் இல்லாதார்க்கு ஆணையுமன்று, அறிவித்தலுமன்று, வெற்றொலியே.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். தப்பொலி முதல் வர்த்தமானி வரை ஊவாத் தோட்டத் தமிழரை வந்தடைந்த சொற்களிற் பெரும்பாலன கீழ்ப்படிதலை வேண்டினவேயன்றி, விளங்குதலை வேண்டியன அல்ல. 'அறிவித்தல்' என்பது பிறரை அறியச் செய்தல் எனப் பொருள்படும் பிறவினையாகும். கேட்போன் அறியாதவழி அவ்வினை நிறைவுறுவதில்லை. இவ்விலக்கண உண்மையை ஆட்சி நடத்துவோர் மனங்கொள்ளுவாராயின், மலையக மக்கள் பெறும் நன்மை பெரிதாகும்.